சுளிக்காத முகம்

பால் திரிந்திருந்தது. அதை அவன் மென்றுகொண்டிருந்தான்.

அவள் முதலில் பார்த்தது அந்தத் தாடையைத்தான். காலை நேரம், குழந்தை இன்னும் எழுந்திருக்கவில்லை, தெருவில் யாரோ கிளம்ப மறுத்த வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். சமையலறை மேடையில் சாய்ந்து நின்று தம்ளரை வாயில் கவிழ்த்த அவள் கணவன், பால் குடிக்கிற எவனும் செய்யாத வேலையைச் செய்தான். மென்றான். அவசரமில்லாமல், நாக்கால் பல்லிடுக்கைத் துழாவித் துழாவி மென்றான். மேலுதட்டில் மஞ்சள் பாய்ந்த கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் எடுத்து உள்ளே வைக்க மறந்துபோன பால் அது. இரவெல்லாம் புழுக்கத்தில் கிடந்து, நீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்து, அறை முழுக்கப் புளித்த வாடையைக் கிளப்பிவிட்டிருந்தது. கொட்டிவிடத்தான் கழுவும் தொட்டியின் ஓரமாக வைத்திருந்தாள்.

"என்னங்க, அது கெட்டுப்போச்சுங்க. கொட்டிருங்க."

"நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு மீதியையும் விட்டுக்கொண்டான்.

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கு சுருங்கி, உதடு கோணி, முகம் தானாகச் சுளித்தது. அவன் தம்ளரைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"இப்ப எதுக்குக் கோவப்படற? ஒரு வாய்ப் பால் குடிச்சது குத்தமா?"

"நான் எங்க கோவப்பட்டேன்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றான். கழுத்து நரம்பு புடைத்து, காது சிவந்து, மூச்சு வாங்கியது. அவனை உட்காரவைத்து முதுகைத் தடவிக் கொடுத்து ஆற்றுவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் போய்விட்டது.

இதே ஆள்தான் முன்பெல்லாம் கழுவி வைத்த தம்ளரை இன்னொரு முறை கழுவாமல் தண்ணீர் குடிக்க மாட்டான். சும்மா சொல்லக்கூடாது, அவனுடைய சுத்தத்தோடு குடித்தனம் நடத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கல்யாணமான புதிதில் ஆசையாகத் தன் கரண்டியில் ஒரு வாய் ஊட்டப் போனவளைப் பார்த்து அவன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். அதைச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் கேலி செய்தாள். பெரிய தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். துணியில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் முகம் கடுகடுத்துவிடும். அப்புறம் ஒருநாள் மூளையில் ஏதோ சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது, ஞாபகத்தில் குறையில்லை. இடது கை மட்டும் துணியைப் பிடிக்க மறுத்தது. எனவே அவன் வீட்டிலிருந்து மகளைப் பார்த்துக்கொண்டான். அவள் எப்போதும்போல வேலைக்குப் போனாள்.

அவள் வேலையும் மூளையோடுதான். கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பிளாஸ்டிக்கில் மூளை செய்து அனுப்பும் பட்டறை அது. அச்சிலிருந்து வெளுப்பாக வந்து விழும் மூளைகளுக்கு வண்ணம் பூசுவது அவளுக்கும் இன்னும் சில பெண்களுக்கும் பிழைப்பு. நெற்றிப் பக்கத்து முன் மடலுக்கு மஞ்சள். யோசிப்பது, முடிவெடுப்பது, நாக்கையும் கையையும் அடக்கிவைப்பது எல்லாம் அங்கே. உச்சி மடலுக்குப் பச்சை; சூடு, குளிர், தொட்டது எது என்பது அதன் பொறுப்பு. காதோரத்துப் பொட்டு மடலுக்கு ஆரஞ்சு. காதில் விழுவதும் ஞாபகமும். பின்னந்தலையில் பிடரி மடலுக்கு நீலம், பார்வைக்கு. அதற்கடியில் தொங்கும் சிறுமூளைக்கு ஊதா. அது இல்லாவிட்டால் குடிகாரனைப் போலத் தள்ளாட வேண்டியதுதான். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கீழே இறங்கும் மூளைத்தண்டுக்குச் சிவப்பு. மூச்சும் நெஞ்சுத்துடிப்பும் அங்கே. படித்துக் கற்றதில்லை. பெட்டியோடு போகும் அச்சிட்ட அட்டையை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வாயில் வந்துவிட்டது.

பால் விஷயத்தைச் சொன்னதும், அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தன் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் மூளையை எடுத்தார். நீலம் ஓரத்தில் கசிந்து ஊதாவில் இறங்கியிருந்தது. தன் கைவேலைதான் என்று அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"இங்கெல்லாம் ஒண்ணும் ஆகல" என்று மஞ்சளையும் பச்சையையும் ஊதாவையும் விரலால் தொட்டுக் காட்டினார் டாக்டர். பிறகு இரண்டு கட்டைவிரலையும் பக்கவாட்டு வெடிப்பில் விட்டு ஆரஞ்சு மடலைக் கீழே இழுத்தார். உள்ளே ஒளிந்திருந்த மடிப்பு வெளியே தெரிந்தது. அதில் வண்ணமே இல்லை. அச்சிலிருந்து வந்த வெளுப்பு அப்படியே இருந்தது.

"இந்த இடம்தாம்மா. இன்சுலான்னு சொல்வோம். நாக்குல படறது, மூக்குல ஏறறது, வயித்துக்குள்ள புரள்றது எல்லாம் இங்க வந்து சேருது. 'சீ, வேணாம்'னு நமக்குத் தோணுதே, அதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. அவருக்கு அடைப்பு வந்தது இங்கதான்." மாடலைத் திருப்பிப் பார்த்தார். "இத மட்டும் ஏன் பெயின்ட் அடிக்காம விட்டாங்கன்னு தெரியல."

அவள் தரையைப் பார்த்தாள். மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, விட்டுவிடுங்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். பட்டறையிலிருந்து போன எல்லா மூளையிலும் அந்த மடிப்பு வெள்ளைதான்.

"அவருக்கு வாடை தெரியும், ருசி தெரியும். அது கெட்டதுன்னு தோணாது, அவ்வளவுதான். இன்னொண்ணு. நீங்க மூஞ்சியச் சுளிச்சா அதுவும் அவருக்குப் புரியாது. கோபம்னு எடுத்துக்குவாரு. பிரஷர் ஏறும். இன்னொரு அடைப்பு வந்துச்சுன்னா தாங்கமாட்டாரு. அதனால அவர் முன்னாடி முகத்தச் சாதாரணமா வச்சுக்குங்க. முடிஞ்சா சிரிச்ச மாதிரி. கெட்டுப்போனது எதுவும் அவர் கைக்கு எட்டாமப் பாத்துக்குங்க."

நல்ல டாக்டர்தான். பொறுமையாகச் சொன்னார்.

அன்று மாலை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அவள் பழக ஆரம்பித்தாள். வண்ணம் பூசுகிறவளுக்குக் கையில் நிதானம் உண்டு. அதை முகத்துக்குக் கொண்டுவந்தாள். மூச்சைப் பாதியில் நிறுத்து. மூக்கின் இறக்கைகளைத் தளர விடு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டு. உதட்டோரம் இரண்டையும் லேசாகத் தூக்கு. அங்கே தண்ணீர் வடியும் சல்லடையில் சேர்ந்திருந்த வழவழப்பான முடிக்கற்றையைக் கையில் எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே சிரிக்கப் பழகினாள். முதல் தடவை வாந்தி எடுத்தாள். பிறகு வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும், தினமும் பாடம் நடந்துகொண்டிருந்தது. தண்ணீரில் விழுந்த ஈயை அவன் எடுத்துப் போடவில்லை, ஈயோடு குடித்தான். மகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டுக் கட்டைவிரலை நக்கிக்கொண்டான். தரை துடைத்த துணியைப் பிழிந்து அதாலேயே தட்டைத் துடைத்தான். ஒருநாள் மகளின் கிண்ணத்தில் மீதிக்கஞ்சிக்கு அடியில் ஏதோ தோலாக மிதந்தது. கரண்டியால் தூக்கிப் பார்த்தாள். அவன் குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. பழுப்பேறிய பஞ்சு கஞ்சியை உறிஞ்சி உப்பிப்போயிருந்தது. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் சிரித்தாள். சிரித்தபடி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஓங்கரித்தாள்.

"பாப்பா முழுசாச் சாப்பிட்டாளா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"சாப்பிட்டாங்க."

அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை. மகளுக்குத் தலை பின்னிவிட்டான், கதை சொன்னான், ஒரு கையாலேயே துணி பொம்மை தைத்துக் கொடுத்தான். அப்பா அப்பா என்று அவன் காலைக் கட்டிக்கொண்டே திரிந்தாள் குழந்தை. மழலை இன்னும் தெளியாத வயசு. எதை எடுத்தாலும் வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் பெரியவர்கள் முகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கிற வயசு. அந்தப் பார்வைக்கு அர்த்தம் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஜன்னல் கட்டையில் செத்துக்கிடந்த பல்லிதான் அதை அவளுக்குச் சொன்னது. விடுமுறை நாள்; அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். குழந்தை பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கியது. வயிறு வெடித்து, எறும்பு மொய்த்திருந்தது. குழந்தை அம்மாவை அண்ணாந்து பார்த்தது. அவன் இருந்ததால் அவள் முகம் பழகினபடி சிரித்தது. குழந்தையும் சிரித்துவிட்டு, பல்லியை உதட்டுக்குக் கொண்டுபோனது. அவள் பாய்ந்து தட்டிவிட்டாள். குழந்தை வீறிட்டது. அவன் எழுந்து நின்றான்.

"சிரிச்சிட்டே குழந்தைய அடிக்கறியே! உனக்கு என்ன ஆச்சு?"

மறுநாள் பட்டறையில், பக்கத்து நாற்காலியில் சிறுமூளைக்கு ஊதா அடிக்கும் அக்காவிடம் அழுதாள். அக்கா இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். வாய் நீளம், மனசும் பெரிசு.

"பிள்ளைங்க பொறக்கும்போதே சீ சீன்னு சொல்லிட்டா பொறக்குதுங்க? என் பையன் கக்கூஸ் பிரஷ்ஷ எடுத்து சப்பினவன்தான். நம்ம மூஞ்சியப் பாத்துப் பாத்துதான் எது வேணும் எது வேணாம்னு கத்துக்குதுங்க. உன் வீட்ல ஒருத்தர் சுளிக்க முடியாதவரு, ஒருத்தி சுளிக்காதவ. அவ யாரப் பாத்துக் கத்துக்குவா?" என்றவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "திங்கக்கிழமையிலருந்து அவள எங்க வீட்ல விட்டுட்டு வா. எங்கம்மா பாத்துக்குவாங்க. அதுவரைக்கும் நீயே சொல்லிக் குடு."

அதைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை வந்துவிட்டால் போதும்.

அன்றைக்கே மகளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்த் தாழ் போட்டாள். அழுகிக் குழைந்து தோலுக்குள் தண்ணீராகிவிட்ட தக்காளி ஒன்றை இதற்கென்றே எடுத்துவைத்திருந்தாள். அதைக் காட்டி, "சீ! நாத்தம்! தொடக்கூடாது!" என்று முகத்தைச் சுளித்தாள்.

குழந்தை கைகொட்டியது. "அம்மா சிரிக்கிறா!"

"சிரிக்கலடி. பாரு, நல்லாப் பாரு. சீ!"

"சிரிக்கிறா!" என்று அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டியது குழந்தை. கண்ணாடி பக்கவாட்டில் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தக்காளியைக் கொட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் வீட்டில் ஒரு வாடை கிளம்பியது. முதலில் சமையலறையில் லேசாக, இனிப்பும் அழுகலும் கலந்து, நின்று மோந்தால் மறைந்து வேலையைப் பார்க்கத் திரும்பினால் வந்து மூக்கில் ஏறுகிற வாடை. எங்கேயோ எலி செத்திருக்கும் என்று அலமாரிகளை நகர்த்தினாள். தொட்டிக்கு அடியில் குச்சியை விட்டுத் துழாவினாள். சாக்கடைக் குழியில் பினாயிலை ஊற்றினாள். ஒன்றும் அகப்படவில்லை. வாடை படுக்கையறைக்கு வந்தது, தலையணைக்கு வந்தது, துவைத்துக் காய்ந்த துணியில் மடிப்பு மடிப்பாகத் தங்கியது. சோற்றை வாயில் வைத்தால் அதுவும் கூடவே உள்ளே போனது. குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும், அவன் எதிரில் இருப்பான், சிரித்துக்கொண்டே விழுங்குவாள்.

பிறகு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது வீடு சாதாரணமாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். நன்றாகப் பசித்தது. வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

பட்டறையில் அக்கா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் தள்ளிப் போட்டாள். மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காத. உன் துணியில என்ன வாடை அது? உங்க வீட்ல ஏதாவது செத்துக் கிடக்குதா?"

"அது போயிருச்சே அக்கா. காலையிலயே நின்னுருச்சு."

அக்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. எதிர் வரிசைப் பெண்களும் மூக்கை மூடியிருந்தார்கள். எப்போதிலிருந்து மூடியிருந்தார்கள் என்பதை அவள் கவனிக்கவே இல்லை.

முந்தானையை எடுத்து மூக்கில் வைத்து மோந்தாள். வாடை இருந்தது. அதே வாடைதான். நேற்றைவிடக் கெட்டியாக இருந்தது. காலையிலும் வீடு முழுக்க இருந்திருக்க வேண்டும். ஆனால் அதில் இருந்த நாற்றம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரொட்டிக்கடை வாசலில் நின்றால் வருகிற மாதிரி, சூடாக, வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

பயந்துபோய் உலர்த்தும் தட்டுகளுக்குப் பின்னால் ஓடினாள். போன வாரம் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் அங்கே கிடந்தது. திறந்து பார்த்த பெண் அலறிக்கொண்டு மூடியதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. அவள் திறந்தாள். பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை ரோமம் கட்டி நின்றது. அடியில் ஏதோ நெளிந்தது. வயிறு புரளட்டும் என்று காத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வயிறு அமைதியாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது விரல் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியை வீசிவிட்டு ஓடினாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. நனைந்துகொண்டே ஓடினாள். குழந்தை வீட்டில் இருக்கிறாள், அவனோடு இருக்கிறாள், அந்த வாடையும் அங்கேதான் இருக்கிறது என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் ஓடவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருப்பதில்லை. இப்போதே தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். படியில் மேல்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், சுவரோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

கதவு திறந்தே கிடந்தது.

ஈக்கள். முன்னறையில் கொஞ்சம், நடையில் நிறைய. மழைச் சத்தத்தையும் மீறி ஒரே ரீங்காரம். சமையலறையில் கரண்டி பாத்திரத்தில் உரசும் ஓசை. குழந்தையின் சிரிப்பு.

"பாப்பா?"

சிரிப்பு நின்றது. பிறகு மறுபடியும் கரண்டி.

சமையலறைத் தரையில் எதிரெதிராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய பாத்திரம். சுவரோரத்துத் தண்ணீர் டிரம் நகர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு ஓட்டை, அதிலிருந்து பாத்திரம் வரைக்கும் ஈரமாக இழுத்த தடம். பாத்திரத்துக்குள் இருந்தது பூனையாக இருந்திருக்கலாம். ரோமம் இருந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ குழைந்திருந்தது. மேற்பரப்பு அசைந்துகொண்டே இருந்தது.

"அட, நேரத்தோட வந்துட்டியே!" என்றான் அவன். உண்மையாகவே மகிழ்ந்துபோனான். "பாப்பாதான் கண்டுபிடிச்சா. கெட்டிக்காரி."

குழந்தையின் மோவாய் நனைந்திருந்தது. கீழுதட்டில் ஒரு ரோமம். கையில் கரண்டி. கரண்டி நிறைய. வாய்க்குப் பாதி தூரத்தில் அதை நிறுத்தி, குழந்தை அண்ணாந்தது.

அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

இப்போது. அவன் இருந்தால் இருக்கட்டும். பிரஷர் ஏறினால் ஏறட்டும். சுளி. மூக்கைச் சுருக்கு. உதட்டைக் கோணு. சீ என்று சொல்லு. இருக்கிற பலத்தையெல்லாம் முகத்துக்குக் கொண்டுவந்தாள். கன்னம் வலித்தது. தாடை நடுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த பாத்திர மூடியில் அவள் முகம் தெரிந்தது.

பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

குழந்தை அதைப் பார்த்தது. நிம்மதியாகத் திருப்பிச் சிரித்தது. கரண்டியை வாயில் வைத்து, மென்று, விழுங்கியது.

கத்த வாயைத் திறந்தாள். சத்தத்துக்கு முன்னால் எச்சில் வந்தது. வாய் நிறைய வந்தது. வாந்திக்கு முன்னால் இப்படித்தான் ஊறும், இப்போது வந்துவிடும், வந்துவிட வேண்டும் என்று அசையாமல் நின்றாள். வரவில்லை. வயிறு இரைந்தது. அடிவயிற்றிலிருந்து, வெட்கமில்லாமல், மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி இரைந்தது.

"அம்மாவுக்குப் பசி" என்றது குழந்தை.

அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.